பொம்பிளைப்புள்ளகள் எந்த வகுப்பில செஸ்ஸ விட்டுப் போறாங்க?

நாலாம்பலகை | வியாழன், இரவு 9.12

சனிக்கிழமைகளில எங்கட ஊர் வாசிகசாலையில செஸ் பழக்கிறன். ஊர்ப்பேர் வேணாம், களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட எண்டு வச்சுக்கொள்ளுங்க. எனக்கு ரேட்டிங் கீட்டிங் (விளையாட்டுத் தரத்துக்குக் குடுக்கிற புள்ளி) ஒண்டும் இல்ல. பள்ளிக்கூடக் காலத்தில மாகாணப் போட்டியில நாலாம் பலகைக்கு இருந்தவன், அவ்வளவுதான். புள்ளகளுக்கு அது காணும்.

போன ஞாயிறு கல்முனைப் பக்கம் ஒரு சின்னப் போட்டி. ஆண் பெண் எல்லாரும் ஒண்டா விளையாடுற போட்டி. எங்கட வகுப்பில இருந்து எட்டாம் ஆண்டு படிக்கிற ஒரு புள்ள போனவ. நாலாவது சுற்றில எதிரில ஒரு ஒன்பதாம் ஆண்டுப் பொடியன். நான் தள்ளி நிண்டு பார்க்கிறன், இவவுக்கு ஒரு யானையும் ரெண்டு சிப்பாயும் கூட. கண்ண மூடிட்டு வெல்லலாம். பொடியன்ட கதிரைக்குப் பின்னால அவன்ட ஆக்கள் அஞ்சு பேர் கையக் கட்டிக்கொண்டு நிக்கிறாங்க. இவ பேனைய மூடினா, திறந்தா, திரும்ப மூடினா. மறுகா யானைய ஒரு கட்டம் தள்ளி வச்சிட்டு, சமநிலையில முடிப்பம் எண்டு டிரோ கேட்டா. அவ கேட்டு முடிக்க முதல் அவன் கையக் குடுத்திட்டான்.

வெளியால வந்து "ஏன் மனே?" எண்டு கேட்டன். கோவமாத்தான் கேட்டன், பொய் சொல்லல்ல. அவ சொன்னது: "அவன் தோத்தா அவனுகள் வருசம் முழுக்கப் பகிடி பண்ணுவானுகள் சேர். அவன்ட கண் கலங்கிட்டு."

அண்டைக்கு ராவு இடாப்பை எடுத்துப் பார்த்தன். ஆறாம் ஆண்டில என்னட்ட வந்து சேர்ந்த பொம்பிளைப்புள்ளகள் ஆறு பேர். அதே செட் இப்ப பத்தாம் ஆண்டு, மிச்சம் ஒராள். பொடியன்மார் அஞ்சு பேர் வந்தாங்க, நாலு பேர் இரிக்காங்க. தோத்துப் போய் நிண்ட புள்ள ஒண்டும் இல்ல. விட்டுப்போன அஞ்சு பேரில ரெண்டு பேர் அந்த நாலு பொடியன்மாரையும் விடக் கெட்டிக்காரிகள்.

உங்கட ஊரிலயும் இப்பிடித்தானா? எந்த இடத்தில அறுந்து போகுது?

குதிரைப்பாய்ச்சல் | வியாழன், இரவு 9.40

சேர், உண்மையச் சொன்னா எல்லாரும் கோவிப்பீங்க. உலகத்தில முதல் 100 பேரில இண்டைக்கு ஒரு பொம்பிளை இல்ல. செஸ்ஸில ஆகப் பெரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் எடுத்தவங்க ரெண்டாயிரம் பேர் மட்டில இரிக்காங்க, அதில பொம்பிளைகள் நாற்பதைக் கொஞ்சம் தாண்டும். பாரம் தூக்கிற விளையாட்டில்ல, ஓடுற விளையாட்டில்ல, கதிரையில இருந்து யோசிக்கிற விளையாட்டு. அப்ப வித்தியாசம் எங்க இரிக்கி? மூளையில எண்டு சொன்னா ஏன் குத்துது?

வாவிக்கரை வாத்தி | வியாழன், இரவு 10.25

தம்பி குதிரை, நான் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். குத்தல்ல. கணக்கு மட்டும் பார்ப்பம்.

ஒரு வகுப்பில 9 பொடியன்மார், 1 பொம்பிளைப்புள்ள. பெட்டிக்குள்ள 1 தொடக்கம் 100 வரை எழுதின துண்டுகள். ஆளுக்கு ஒண்டு எடுக்கட்டும். ஆகப் பெரிய எண் ஆரிட்ட இரிக்கும்? பத்துத் தரம் எடுத்தா ஒன்பது தரம் ஒரு பொடியன்ட கையிலதான். அந்தப் புள்ளட கை ராசி இல்லாத கை எண்டு அதுக்கு அர்த்தமில்ல. சர்வதேச ரேட்டிங் உள்ளவங்களில பத்தில ஒராள்தான் பெண். நாற்பது வருசத்துக்கு முந்தி அதையும் விடக் குறைவு. உச்சியில நிக்கிறவங்கள மட்டும் எண்ணிப்போட்டு முழு மலையப் பற்றிக் கதைக்கிறது கணக்கில்ல.

இத ஜெர்மனியில பார்த்தும் இரிக்காங்க. 2009இல வந்த ஆய்வு. அந்த நாட்டு ரேட்டிங் பட்டியலில ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேர் வரை, 16 ஆணுக்கு 1 பெண் எண்ட விகிதம். ரெண்டு பக்கத்திலயும் முதல் நூறு பேரைச் சோடி சோடியா வச்சுப் பார்த்தா, இடைவெளியில 96 வீதம் இந்த எண்ணிக்கை வித்தியாசத்தால மட்டும் வரவேண்டியது எண்டு காட்டினாங்க.

நேர்மையா மற்றதையும் சொல்லோணும். அதே தரவை வேற முறையில கணக்குப் போட்டவங்க, எண்ணிக்கையால விளங்குற பங்கு அந்த 96ஐ விடக் குறைவு எண்டாங்க. ஆகவே எண்ணிக்கை எல்லாத்தையும் விளங்கப்படுத்தாது. ஆனா எண்ணிக்கையப் பார்க்காம மூளைக்குத் தாவுறது, முதலாவது வரியப் பிழையாப் போட்டிட்டு விடையத் தேடுற மாதிரி.

குதிரைப்பாய்ச்சல் | வியாழன், இரவு 10.31

யூடித் போல்காரைச் சொல்லப் போறீங்க எண்டு தெரியும். ஆயிரத்தில ஒண்டு.

பழைய ராணி | வியாழன், இரவு 11.02

ஒண்டு இல்ல தம்பி, ஹங்கேரியில ஒரு வீட்டில மூண்டு சகோதரிகள். மூத்தவ சூசன் 1991 ஜனவரியில கிராண்ட்மாஸ்டர், பிறகு உலக மகளிர் சாம்பியன். நடுவில சோபியா, 14 வயதில, 1989இல ரோமில ஒரு போட்டி, கிராண்ட்மாஸ்டர்மார் நிறைஞ்ச போட்டி, 9இக்கு 8.5 எடுத்தவ. கடைசி யூடித், 15 வயதில கிராண்ட்மாஸ்டராகி, ஆகக் குறைஞ்ச வயதில அந்தப் பட்டம் எடுத்த பொபி ஃபிஷர்ட சாதனைய முறிச்சவ. 2005இல 2735 ரேட்டிங், உலகத்தில எட்டாமிடம். 2002இல முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ வெண்டவ, ரேபிட் எண்ட குறுகிய நேர ஆட்டம்தான், ஆனாலும் காஸ்பரோவ். ஒரு வீட்டில மூண்டு புள்ளயும் ஆயிரத்தில ஒண்டாப் பிறக்கிறது எண்டா அதையும் வாத்தி சேர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

2015இல நைஜல் ஷார்ட் எண்ட பெரிய விளையாட்டுக்காரர் உங்கள மாதிரித்தான் எழுதினார், ஆண் மூளையும் பெண் மூளையும் வேற வேற எண்டு. அவருக்கும் யூடித்துக்கும் நடந்த கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களில யூடித் வெண்டது 8, அவர் வெண்டது 3.

நாலாம்பலகை அண்ணா கேட்ட கேள்விக்கு வாறன். எந்த இடத்தில அறுகுது எண்டா, எனக்குத் தெரியும். இரவு தங்குற இடத்தில.

எனக்கு இப்ப நாற்பத்திரண்டு. பத்தாம் ஆண்டில எங்கட பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணி மாவட்டத்தில முதலாமிடம். மாகாணம் திருகோணமலையில. ரெண்டு நாள் போட்டி, ரெண்டு ராவு தங்கோணும். சேர்மார் வர ரெடி. பெண் ஆசிரியை ஒராள் கட்டாயம் வேணும் எண்டாங்க, நியாயம்தான். ஒராளுக்குக் கைக்குழந்தை, ஒராளுக்கு மாமி வருத்தம், மற்றவ அப்பவே இடமாற்றத்துக்கு எழுதிக் குடுத்திட்டா. வியாழன் பின்னேரம் வரைக்கும் பார்த்தம். வெள்ளி விடிய ஆண்கள் அணி வேனில ஏறிச்சு. எங்களுக்குத் தச்ச நீல டீசேட் நாலும் அலுமாரிக்குள்ள கிடந்தது. எங்கட அம்மா கட்டித்தந்த சோத்துப் பார்சல நான் வகுப்பில வச்சுச் சாப்பிட்டன். அந்தக் கத்தரிக்காய்ப் பால்கறி மணம் இப்பவும் மூக்கில நிக்குது.

ஒருத்தரும் "நீ பொம்பிளை, விளையாடாத" எண்டு சொல்லல்ல. ஒருத்தரும் கெட்டவங்க இல்ல. அடுத்த வருசம் சாதாரண தரப் பரீட்சை. அதோட சரி.

சிப்பாய் 7ஆம் வரி | வெள்ளி, காலை 6.50

எல்லாரும் பெண்டுகளுக்காக அழுறீங்க. பலகையில ஆகப் பலமான காய் ராணிதானே, அது காணாதா? 😀

வாவிக்கரை வாத்தி | வெள்ளி, காலை 7.15

அந்தக் காய் முந்தி ராணி இல்ல, மந்திரி. மூலைக்கு மூலை ஒரு கட்டம்தான் போகும். பதினைந்தாம் நூற்றாண்டு முடியிற நேரம் ஐரோப்பாவிலதான் ராணிக்கு இந்தப் பாய்ச்சல் வந்தது. காய்க்கு வந்தது, ஆக்களுக்கு வரல்ல. வேலைக்குப் போறன்.

காத்தான்குடி வாப்பா | வெள்ளி, பின்னேரம் 2.30

அஸ்ஸலாமு அலைக்கும். ஜும்ஆ முடிஞ்சு வந்துதான் வாசிக்கிறன்.

எனக்கு ரெண்டு புள்ள. மூத்த மகளுக்குப் பன்னிரண்டு. கொரோனா நேரம் போனில செஸ் பழகினவ. இப்ப நான் அவவிட்ட மூணு நிமிச ஆட்டத்தில தோக்கிறது வழக்கமாப் போச்சு. ஒன்லைனில அவ வச்சிரிக்கிற பேர் ஒரு மீன்ட பேர். படம் தோணி. ஏன் மகள் உங்கட பேர் வெக்கல்ல எண்டு கேட்டன். பேர் வெச்சா மெசேஜ் வருது வாப்பா, சிலவங்க பாதியில விட்டுட்டுப் போறாங்க, சிலவங்க சும்மா இழுத்தடிக்கிறாங்க, மீன் எண்டா ஒழுங்கா விளையாடுறாங்க எண்டா.

பெண் பிரிவு வேணாம், எல்லாரும் ஒண்டா விளையாடட்டும் எண்டு சில பேர் சொல்றத இங்க முந்தியும் வாசிச்சிரிக்கன். என்ட நிலைமையச் சொல்றன். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி எண்டு நோட்டீஸ் வந்தா, என்ட உம்மாவும் சரி எண்டுவா, நானும் கூட்டிட்டுப் போவன். பொதுப் போட்டி எண்டா வீட்டில ஒரு கிழமைக் கதை. நாலாம்பலகை சேர்ட அந்தப் புள்ளைக்கு எதிரில அஞ்சு பேர் நிண்ட கதைய இப்பதான் வீட்டில சொல்லிப் போட்டன், இனி அந்தக் கதை ரெண்டு கிழமைக்கு ஓடும்.

பழைய ராணி | வெள்ளி, பின்னேரம் 3.05

நானா, உங்கட மகள்ட மீனுக்கு இத்தாலியில சாட்சி இரிக்கி. 2008இல வந்த ஆய்வு. ஒரே அளவு கெட்டித்தனம் உள்ள ஆணையும் பெண்ணையும் சோடியாக்கி, 42 சோடி, இன்டர்நெட்டில விளையாட விட்டாங்க. எதிரில ஆண் எண்டு தெரிஞ்சா பெண்கள்ட ஆட்டம் நல்லா விழுந்துபோச்சு. அதே ஆண், ஆனா பெண் எண்டு பொய் சொல்லி வச்சா, சமனுக்குச் சமன் விளையாடினாங்க. சின்ன ஆய்வுதான். ஆனா எனக்கு அத வாசிக்கக்குள்ள கை நடுங்கினது, ஏனெண்டா நான் அந்த நடுக்கத்தோட விளையாடியிருக்கன்.

நாலாம்பலகை | வெள்ளி, இரவு 8.20

எனக்கு இதில ஒரு சின்ன மறுப்பு. எங்கட புள்ள பயந்து டிரோ கேட்கல்ல. அவவுக்கு வெல்லுறன் எண்டு தெரியும். அவன அவமானத்தில இருந்து காப்பாத்தினா. அது நடுக்கமில்ல, இரக்கம். அந்த இரக்கத்த ஆர் அவவுக்குப் பழக்கினது எண்டதுதான் என்ன அரிக்கிற கேள்வி. ஒரு பொடியன் இன்னொரு பொடியனிட்டத் தோத்தா தோல்வி. பொம்பிளைப்புள்ளட்டத் தோத்தா ஊர்க்கதை. அந்த ஊர்க்கதையின்ட பாரத்தையும் இவதான் சுமக்கோணுமாம்.

இது இண்டைக்கு நேற்றுக் கதை இல்ல. 1929இல கார்ல்ஸ்பாட் போட்டிக்கு வேரா மென்சிக் எண்ட பெண் வந்தா, உலகத்தின்ட முதலாவது மகளிர் சாம்பியன். அவவிட்டத் தோக்கிறவங்களுக்கு "வேரா மென்சிக் கிளப்" எண்டு ஒண்டு தொடங்குவம் எண்டு பகிடி பண்ணினவர் அல்பேர்ட் பெக்கர். முதலாவது உறுப்பினரும் அவரேதான். பிறகு உலக சாம்பியனான மாக்ஸ் ஒய்வேயும் அந்தக் கிளப்பில இரிக்கார். வாசிக்கிற நேரம் நல்லாச் சிரிச்சன். கல்முனையில அந்த அஞ்சு பேரையும் பார்த்த பிறகு சிரிப்பு வருதில்ல. அதே கிளப்தான். உறுப்பினராக வேணாம் எண்டு அவன் கண் கலங்கிட்டு.

குதிரைப்பாய்ச்சல் | வெள்ளி, இரவு 8.55

இது யோசிக்க வேண்டிய விசயம்தான். நானும் ஒருக்கா செட்டிபாளையத்தில ஒரு தங்கச்சியிட்டத் தோத்து, மூண்டு மாசம் "ராணி மாப்பிள்ளை" எண்டு பேர் வாங்கினவன். அதுக்குப் பிறகு பொம்பிளைப்புள்ள எண்டா உசிரக் குடுத்து விளையாடுவன். அதுவும் ஒரு காரணமா இரிக்கலாம், அவங்களோட மட்டும் நாங்க ரெண்டு மடங்கு விளையாடுறம்.

ஆனா ஒண்டு கேட்கிறன். மகளிருக்குத் தனிப் பட்டம் ஏன்? கிராண்ட்மாஸ்டருக்கு 2500 வேணும், மகளிர் கிராண்ட்மாஸ்டருக்கு 2300 காணும். இருநூறு புள்ளி கழிச்சுக் குடுக்கிறது மரியாதையா?

வெட்டுக்காய் | வெள்ளி, இரவு 9.30

அதத்தான் நானும் கேட்கிறன். 2300 எண்டா பொதுப் பட்டங்களில ஃபிடே மாஸ்டர் எண்ட கீழ்ப்படி அளவு. யூடித்தே பெண்கள் போட்டியில விளையாடல்ல.

பழைய ராணி | வெள்ளி, இரவு 9.41

பிழை. 1988இல தெசலோனிக்கி ஒலிம்பியாட்டில (நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டி) பெண்கள் பிரிவில ஹங்கேரிக்குத் தங்கம், யூடித்துக்கு அப்ப 12 வயது. 1990இலயும் விளையாடினா. அவ போகாதது உலக மகளிர் சாம்பியன் பட்டத்துக்கு.

பட்டம் பற்றி எனக்கு ரெண்டு மனசு. மேல இரிக்கிறவளுக்கு அது கூரை. கீழ இரிக்கிறவளுக்கு அது ஏணிப்படி. எங்கட நாட்டுச் சச்சினி ரணசிங்க மகளிர் சர்வதேச மாஸ்டர் எண்டு பத்திரிகையில வந்தா எங்கட ஊர்ப் புள்ள ஒண்டு அத வெட்டிக் கொப்பியில ஒட்டும். பொதுச் சர்வதேச மாஸ்டருக்கு வேண்டிய 2400 எடுக்காத வரைக்கும் ஒண்டும் இல்ல எண்டா ஒட்ட என்ன இரிக்கி? ஆனா காசு வித்தியாசம் பகிடி இல்ல. 2024 சிங்கப்பூர் உலக சாம்பியன் போட்டிக்குப் பரிசு 25 லட்சம் டொலர். மகளிர் உலகப் பட்டத்துக்கு 5 லட்சம் யூரோ.

வாவிக்கரை வாத்தி | சனி, காலை 5.58

ரெண்டு நாடு பார்த்தா விளங்கும்.

ஜோர்ஜியா, நாலு மில்லியனும் இல்லாத சனம். அங்க மணப்பெண்ணுக்குக் குடுக்கிற சீதனத்தில செஸ் பலகையும் வைக்கிற வழக்கம் இருந்ததாச் சொல்லுவாங்க. நோனா கப்ரின்டாஷ்விலி 1962 தொடக்கம் 1978 வரை உலக மகளிர் சாம்பியன். கிராண்ட்மாஸ்டர் பட்டம் எடுத்த முதலாவது பெண்ணும் அவதான், 1978. அவவ வெண்டு அந்த இடத்துக்கு வந்தவவும் ஜோர்ஜியா, மையா சிபுர்டனிட்சே, 1991 வரை. சோவியத் உடைஞ்ச பிறகு 1992, 1994, 1996 மூண்டு ஒலிம்பியாட்டிலயும் பெண்கள் தங்கம் அந்தச் சின்ன நாட்டுக்கு. அங்க மட்டும் பெண் மூளை வேற மாதிரி வளர்ந்ததா?

மற்றது பக்கத்து நாடு, இந்தியா. ஹம்பி 2002இல கிராண்ட்மாஸ்டர், 15 வயது. மகள் பிறந்து ரெண்டு வருசம் கிட்ட விளையாடாம இருந்திட்டு வந்து 2019இல உலக ரேபிட் சாம்பியன், 2024இல திரும்பவும். ஹரிகா 2022 சென்னை ஒலிம்பியாட்டில நிறைமாசக் கர்ப்பிணியா இருந்து விளையாடினா. வைஷாலி 2023இல கிராண்ட்மாஸ்டர், தம்பி பிரக்ஞானந்தா முதலே கிராண்ட்மாஸ்டர். 2025இல திவ்யா தேஷ்முக் 19 வயதில மகளிர் உலகக் கிண்ணம் எடுத்தா, இறுதியில வெண்டது அதே ஹம்பியை. இந்தியாவில கிராண்ட்மாஸ்டரான பெண்கள் இந்த நாலு பேர்தான். அவ்வளவு பெரிய நாட்டில நாலு. ஆனா அந்த நாலுக்கும் பின்னால வீட்டு ஆக்கள் ஊர் ஊராக் கூடப் போயிரிக்காங்க. பழைய ராணி சொன்ன இரவுக்கு ஒராள் இருந்திரிக்கி.

பழைய ராணி | சனி, காலை 6.30

சீதனம் எண்டதும் ஒண்டு சொல்லாம விட ஏலாது. மட்டக்களப்பில வீடு பொம்பிளைப்புள்ளைக்குத்தான். குடி எண்ட வம்சமும் தாய் வழி. மாப்பிள்ளை வந்து எங்கட வீட்டில இருப்பார். வெளியூர்ச் சினேகிதிகள் கேட்டா வாயப் பிளப்பாங்க. ஆனா அந்த வீட்டுக்கு வெளியால, பின்னேரம் ஆறு மணிக்கு மேல, வாசிகசாலையில ஒரு பலகைக்கு முன்னால இருக்கிற நேரத்த எந்தக் காணி உறுதியிலயும் எழுதித் தாறல்ல. பொடியன்மார் ஆட்டம் முடிஞ்சு ராவு ஒன்பதுக்கும் ரோட்டோரம் நிண்டு "அந்த இடத்தில குதிரைய ஏன் வச்சாய்" எண்டு கதைப்பாங்க. செஸ் வளர்றது அந்தக் கதையிலதான். நாங்க அஞ்சரைக்கு சைக்கிள எடுத்திடுவம்.

நடத்துனர் | சனி, காலை 7.10

இழைக்குள்ள ஒருத்தர் ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கூடத்தின்ட பேரையும் ஆசிரியர் ஒருத்தர்ட பேரையும் எழுதியிருந்தார். எடுத்திட்டன். பேர் இல்லாமக் கதையுங்க.

காத்தான்குடி வாப்பா | சனி, காலை 9.15

பழைய ராணி அக்கா சொன்ன அஞ்சரை மணிதான் என்ட வீட்டிலயும். நாலாம்பலகை சேர், உங்கட வகுப்பு எத்தனை மணிக்கு?

நாலாம்பலகை | சனி, காலை 9.22

நாலு தொடக்கம் ஏழு.

...எழுதின பிறகுதான் பார்க்கிறன். ஏழு மணி. ஏழு வருசமா இந்த நேரம்தான். எனக்கு வேலை முடிஞ்சு வர அது வசதி எண்டு வச்சது. பத்தாம் ஆண்டுப் புள்ளைக்கு சனி பின்னேரம் விஞ்ஞான டியூஷனும் அந்த நேரம்தான், அது விட்டா வீட்டுக்குப் போகோணும். பொடியன்மாருக்கும் டியூஷன் இரிக்கி, அவனுகள் ஆறுக்கு வந்து ஏழு, ஏழரை வரை நிப்பானுகள். இடாப்பில வரவு நேரம் போடுற வழக்கம் இருந்திருந்தா இது எனக்கு முதலே தெரிஞ்சிருக்கும்.

குதிரைப்பாய்ச்சல் | சனி, காலை 9.40

காலம நேரம் மாத்துங்க. எட்டரைக்கு நான் வந்து கதவு திறக்கிறன். குருக்கள்மடத்தில இருந்து பத்து நிமிசம்.

பழைய ராணி | ஞாயிறு, இரவு 8.45

நாலாம்பலகை அண்ணா, நேற்று முழுக்க இத யோசிச்சன். உங்கட புள்ளகள் மாகாணத்துக்கு எடுபட்டா, பொறுப்பா வர பெண் ஒராள் இல்லாட்டி எனக்குச் சொல்லுங்க. பள்ளிக்கூடம் எழுத்தில ஏற்றா நான் வாறன். ஒரு ராவுதான் நிற்க ஏலும், மறுநாள் எனக்கு வேலை. ரெண்டாவது ராவுக்கு என்ட மச்சாள் ஒராள் திருகோணமலையில இரிக்கா, அவவிட்டக் கேட்டிரிக்கன். அவவுக்குச் செஸ் தெரியாது, குறட்டை விடுவா, மற்றபடி நல்ல மனிசி.

நாலாம்பலகை | ஞாயிறு, இரவு 9.20

அக்கா, நாளைக்கே அதிபருக்கு எழுதுறன். நன்றி எண்டு எழுதினா சின்னதாத் தெரியுது.

இன்னொண்டு. இனி எங்கட வகுப்பில ரெண்டு சட்டம். முப்பது நகர்வுக்கு முதல் டிரோ கேட்க ஏலாது. விளையாடுறவங்கட கதிரைக்குப் பின்னால ஒருத்தரும் நிற்க ஏலாது, பார்க்கிறதெண்டா பக்கத்தில, இருந்து பார்க்கோணும். அந்தப் புள்ளைக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டுக் கேட்டா: "அப்ப முப்பத்தோராவது நகர்வில கேட்கலாமா சேர்?"

வாற சனி காலம எட்டரை. காத்தான்குடி நானா, மகளக் கூட்டிட்டு வாங்க, நீங்களும் உள்ளுக்க இருக்கலாம். தண்ணிப் போத்தல் கொண்டு வாங்க, வாசிகசாலைத் தாங்கி கழுவுறாங்க.